கடைக்காரியின் முகங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நினைப்பாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கடிதத்துக்குக் கட்டைவிரலைப் பதிலாக அனுப்ப முடியாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உன் மெசேஜைப் பார்த்தேன். "புக்ஸ் எல்லாத்தையும் வித்துடு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருஷமாக அவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, வெயில் படக் கூடாது, மூலை மடங்கக் கூடாது, அத்தான் கை வைக்கவே கூடாது என்று சட்டம் பேசியவன் நீ. உங்கள் கம்பெனி நீங்கள் செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டைப் பாதியில் நிறுத்தி உங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது எனக்கும் வருத்தம்தான். அதற்கு இந்த விளையாட்டுப் படப் புத்தகங்கள் என்ன செய்தன என்று தெரியவில்லை. ஆனாலும் விற்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இடம் வேண்டும்.

அம்மாவின் கட்டில் இப்போது அந்தப் புத்தக அறையில்தான் கிடக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பும்போதெல்லாம் உன் அலமாரியில் இடிக்கிறது. பக்கவாதம் வந்த வலது கால் பரவாயில்லை, ஊன்றுகிறாள். வலது கையில் டம்ளர் பிடிக்க வரவில்லை. பேச்சுதான் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நாம் சொல்வது ஏறக்குறைய எல்லாமே புரிகிறது. திரும்பச் சொல்ல வருவது மட்டும் அந்த ஒரே வார்த்தை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "அப்புறம்". வேண்டாம் என்றாலும் "அப்புறம்". விளக்கை அணை, கொசு கடிக்கிறது, உன் புருஷன் டிவியைக் கத்தவிடுகிறார், எல்லாவற்றுக்கும் அதே. டாக்டர் இது இப்படித்தான் சில பேருக்கு ஒரு சொல்லில் சிக்கிக்கொள்ளும் என்கிறார்.

வாரத்துக்கு இரண்டு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். நல்ல மனுஷி, பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகள் வைத்திருக்கிறார்: ஆப்பிள், கப், நாய், பஸ். வேண்டியதை அம்மா தொட்டுக் காட்ட வேண்டும். அம்மா ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். ஆப்பிளை மட்டும் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பேச்சுப் பயிற்சி அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நீ கடைசியாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ எப்படிம்மா இருக்கே என்றாய், அப்புறம் என்றாள். மருந்து சாப்பிட்டியா என்றாய், அப்புறம் என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் தொண்டைதான் சரியில்லை, எனக்குக் கேட்டது. அன்றைக்கு வைத்தவன்தான், இன்றுவரை கூப்பிடவில்லை. நான் திட்டவில்லை. சரி, திட்டுகிறேன் என்றே வைத்துக்கொள். ஞாயிறு காலையில் போனைத் தன் தலையணைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறாள். சாயங்காலம் நான் அதை எடுத்துச் சார்ஜில் போடுகிறேன்.

அத்தானின் ஆபீஸில் யாரோ சொல்லி, இந்த மாதிரிப் புத்தகங்களைச் சேர்க்கிற ஒருவர் வருகிற வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் அ, ஆ தெரியாது. எது நல்லது, எது குப்பை, உண்மையிலேயே இதெல்லாம் சேர்த்து வைக்கத் தகுந்த பொருள்தானா என்று நாலு வரி எழுதிப் போடு. ஏமாந்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழி கிண்டியது போலவே இருக்கிறது, படம் வரைகிற கைக்கு அது எப்படித்தான் வாய்த்ததோ. சேர்த்து வைக்கத் தகுந்த பொருளா என்று கேட்டதற்கு, "இல்ல. அதெல்லாம் வேண்டாம்னு தள்ளின படங்க. தள்ளினதை அட்டை போட்டு விக்கறாங்க, என்னை மாதிரி மடையனுங்க வாங்கறோம்" என்று எழுதியிருக்கிறாய். முன்பு நீயே எனக்கு வேறு மாதிரி விளக்கினாய். விளையாட்டில் ஒரு கதவு வர வேண்டும் என்றால் முப்பது கதவு வரைவோம், அதில் ஒன்றுதான் உள்ளே போகும், மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும் என்று கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாய். ஆள் அதேதான், புத்தகமும் அதேதான். வேலை போனதில் பேச்சு மட்டும் மாறியிருக்கிறது.

பர்னிச்சர் கடையில் சமையலறை அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்றாய். நல்லதுதான், வேலையில் என்ன தாழ்வு. பேனாக்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாயே, அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

சேகரிப்பாளர் வந்தார். நாற்பது வயது இருக்கும், சுத்தமான ஆள். செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்தார். பையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறை ஒன்றை எடுத்து மாட்டினார். ஆபரேஷன் செய்யப் போகிறாரா என்று அத்தான் என் காதில் கேட்டார். நான் தொடையில் கிள்ளினேன்.

முதல் புத்தகத்தை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. மோந்து பார்த்தார். "இதை எதால தொடச்சீங்க" என்று கேட்டார். எனக்கு அசடு வழிந்தது. ஆள் வருகிறாரே, தூசியாக இருக்கிறதே என்று முந்தின நாள் எல்லா அட்டைகளையும் கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தால் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் அந்தப் பாட்டிலைத்தான் எடுக்கத் தோன்றுகிறது. நாலைந்து புத்தகங்களில் தங்க எழுத்து பாதி போய்விட்டது. அது போதாதென்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருந்தாயே, அவற்றையும் உள்ளே பூச்சி இருக்குமோ என்று பிரித்துவிட்டேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார்: பிரிக்காததற்குத்தான் விலை, முதல் அச்சு என்றால் அதைவிட விலை, பிரித்துப் பார்த்ததற்குப் பழைய பேப்பர் விலைக்குக் கொஞ்சம் மேலே. பிரிக்காவிட்டால் உள்ளே இருக்கிற படத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அத்தான் கேட்டார். "பாக்கறதுக்கு இன்னொண்ணு வாங்குவேன்" என்றார்.

அறையில் வேறு இடம் இல்லாததால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கட்டில்மேல் புத்தகங்களைப் பரப்பினார். எடுத்துக்கொள்வது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எடுத்துக்கொள்கிற பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பச்சை அட்டை, ஒரு தீவுக் கிராமத்தை வைத்துச் செய்த விளையாட்டு, உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா இடது கையால் எட்டி அதை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டைவிரலில் முட்டிக்குத் தடவிய தைலம் வேறு. பக்கத்துக்குப் பக்கம் ரேகை விழுந்தது. அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அந்தத் தீவில் மளிகைக் கடை வைத்திருக்கிற குண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி. இரண்டு பக்கமும் நிறைய அவள் முகம் மட்டும். கோபம், கொட்டாவி, சந்தேகம், பொய் சொல்கிற முகம், பொய்யைக் கண்டுபிடித்த முகம், வெட்கம், பல்வலி என்று எத்தனையோ. அம்மா ஏதோ வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தோம். அவர் குனிந்து, "அம்மா, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தாள். வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, மோவாயைத் தூக்கின முகம். போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்பதை அதைவிடச் சுத்தமாக யாரும் சொல்ல முடியாது. வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

அத்தான் சிரித்துவிட்டார். நான் தற்செயல் என்று நினைத்தேன். வந்தவர் இன்னொரு முறை கேட்டார். விரல் அதே இடத்துக்குப் போனது. எங்களுக்கு உறைப்பதற்கு முன்னால் அவருக்குத்தான் உறைத்தது. "அவங்க என்கிட்ட பேசறாங்க" என்றார். கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் நாளெல்லாம் நான் செய்கிற வேலைதான் கைவந்தது. ஒரு லென்ஸைப் போட்டு இது தெளிவா என்பேன், மாற்றிப் போட்டு இது தெளிவா என்பேன், ஆள் சும்மா தலையாட்டினால் பழையபடி முதல் லென்ஸைப் போட்டுப் பிடித்துவிடுவேன். அதே மாதிரி இரண்டு அட்டையால் மற்ற முகங்களை மறைத்து, இதுவா, இதுவா என்று அம்மாவிடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்றாவது தடவை அம்மா என் அட்டையைத் தள்ளிவிட்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு பெருமூச்சு விடுகிற முகத்தைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். தம்பி, சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போடும்போது பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆள் முன்னாலேயே அழுதேன்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. அம்மா உடம்பு நன்றாக இருந்த காலத்தில்கூட ஆப்பிள் வேண்டும் என்று யாரையும் கேட்டதில்லை. அவள் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த அட்டைகளில் இல்லாதது.

அவர் மற்றவற்றில் பாதியை எடுத்துக்கொண்டார். பச்சைப் புத்தகத்தை எடுக்கவில்லை. "இதுக்கு இனிமே விலை இல்ல, வச்சுக்கங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து இன்னொன்றை உருவி வைத்தார். அதில் வீட்டுச் சாமான்கள் பக்கம் பக்கமாக இருக்கிறதாம்: கிண்ணம், நாற்காலி, விளக்கு, போர்வை, செருப்பு. அம்மாவுக்கு உதவும் என்றார். கையுறை போட்ட ஆளாயிற்றே என்று நான் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

வந்த பணத்தை அத்தான் உன் கணக்கில் போட்டுவிட்டார். அந்த இரண்டு புத்தகங்களை மட்டும் அம்மாவுக்கென்று வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடம் பேச ஒரு வழி கிடைத்திருக்கிறது. இனிமேலாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. கடையில் என்னோடு வேலை பார்த்தவள் பிரசவத்துக்குப் போய்விட்டதால் எனக்குத் தலைக்குமேல் வேலை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. நீ எழுதாததற்கு என்ன காரணம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அம்மாவைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். புத்தகம் கிடைத்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது என்று கற்பனை செய்துகொள்ளாதே. சில நாள் அவள் எதையோ தொடுகிறாள், நாங்கள் எதையோ புரிந்துகொள்கிறோம், அவள் திரும்பத் தொடுகிறாள், நாங்கள் திரும்பத் தப்பாகச் சொல்கிறோம். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க அப்படித்தான் போயிற்று. எதைக் கேட்டாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நல்ல நாளும் இருக்கிறது. டிவி சத்தத்துக்காக அத்தானைக் கடைக்காரியின் முகத்தாலேயே தினமும் வறுத்தெடுக்கிறாள். மருமகப்பிள்ளைக்கு இத்தனை வருஷம் கொடுத்த மரியாதையையெல்லாம் வட்டியோடு திரும்ப வாங்குகிறாள் போலிருக்கிறது. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். சூப்பில் உப்பு இல்லை என்பதற்கு ஒரு முகம் வைத்திருக்கிறாள், அதை நான் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சுப் பயிற்சி அம்மா அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, பெரிதாக்கி, அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். அம்மா அந்த அட்டையைக் குப்பைக்கூடையில் போடவில்லை, அந்த அளவுக்கு முன்னேற்றம். ஆனால் தொடவும் இல்லை. அவளுக்குப் புத்தகம்தான் வேண்டும், பக்கத்தைத் தானே புரட்ட வேண்டும்.

அத்தானுக்கு ஆர்வம் தாங்காமல் அந்த விளையாட்டை யாரோ ஆடுகிற வீடியோவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கடைக்காரி அதில் கொஞ்ச நேரம்தான் வருகிறாளாம். வருகிறவர்களுக்கெல்லாம் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். புத்தகத்தில் இருக்கிற இத்தனை முகத்தில் அந்தச் சிரித்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்டு ஒரு மாதிரி இருந்தது. ஏனென்றால் அம்மா அந்தச் சிரித்த முகத்தை இதுவரை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அவள் பேசுவதெல்லாம் தள்ளின முகங்களை வைத்துத்தான். யாரோ உன்னைப் போல ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, எவனும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே பல்வலிக்கும் பெருமூச்சுக்கும் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறான். அவன் வேலையும் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும். நான் அவனை நினைக்காத நாள் இல்லை. சேர்த்து வைக்கத் தகுந்த பொருளா என்று நான் கேட்ட கேள்விக்கு நீ எழுதிய பதில் தப்பு. அதை இதோடு விட்டுவிடுகிறேன். பேனா வாங்கச் சொல்லி நான் நச்சரிக்கவும் மாட்டேன், வாங்குகிற எண்ணம் இருந்தால் வாங்கு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று அம்மாவிடம், தம்பிக்குக் கடிதம் எழுதப் போகிறேன், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பச்சைப் புத்தகத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் மற்றதைக் காட்டினாள், வீட்டுச் சாமான் புத்தகத்தை. எடுத்து மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் புரட்டினாள். அதில் ஒரே கிண்ணத்தைப் பக்கம் நிறையப் பல விதமாக வரைந்திருக்கிறார்கள். விளிம்பு உடைந்தது, கழுவிக் கவிழ்த்தது, காலியானது, ஆவி பறக்கச் சாப்பாடு நிறைந்தது. அந்தச் சாப்பாடு நிறைந்த கிண்ணத்தின்மேல் விரலை வைத்தாள். பசிக்கிறதா என்றேன். பெருமூச்சு முகத்தைத் தொடப் பச்சைப் புத்தகம் கையில் இல்லாததால் அதை அவளே தன் முகத்தில் செய்து காட்டினாள். பச்சைப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அதில் புருவத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே இருக்கிறவனை ஏதோ கேட்கிற முகம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டாள். மறுபடி கிண்ணம். மறுபடி அந்த முகம்.

தம்பி சாப்பிட்டானான்னு கேக்கறியா என்றேன். கையை அப்படியே நிறுத்திவிட்டாள். சாப்பிட்டிருப்பான்மா, வேலைக்குப் போறான், நல்லாத்தான் இருக்கான் என்று நான் பாட்டுக்கு அடுக்கினேன். கேட்டுக்கொள்ளவே இல்லை. கிண்ணத்தை விரலால் தட்டினாள், அட்டை அதிரத் தட்டினாள். பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்து போனை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அவள் என்னைக் கேட்கவே இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிறாய். வீடியோவில் கூப்பிடு, அவள் புத்தகத்தைக் காட்டுவாள். எந்த முகம் எதற்கு என்று எங்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும், காசு சேர்த்து அதை வாங்கியவன் நீதான். வாய்வழியாக அவள் அப்புறம் என்றுதான் சொல்வாள். அதற்குப் பயந்து வைத்துவிடாதே. என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போ. குரல் உடைந்தால் உடையட்டும். அவள் முன்னால் உடையாமல் வேறு யார் முன்னால் உடையும்.

சாப்பிடாமல் இருந்தால் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. பொய் சொல்கிற முகம் எது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து நன்றாக இரு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். கேட்டது அவள், அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா